பிலோமினம்மாளிடம் சொன்னால் வெளியே போகாது

ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே, மாடி அறையில், வியாழக்கிழமை தோறும் செபக்கூட்டம் நடந்தது. வந்தவர்கள் முப்பத்தேழு பேர். அந்த முப்பத்தேழு பேரில் ரகசியம் காக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்பதை முப்பத்தேழு பேரும் ஏகமனதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். தங்களைப் பற்றி அவர்களுக்கு அந்த அளவுக்காவது நேர்மை இருந்ததைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்த ஒருவர் பிலோமினம்மாள். ஊரின் வடகோடியில், மார்சிலிங்கில், அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு வண்டி மாறி, வாரம் தவறாமல் வந்து போனவள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்லச் சொல்வார். போதாததற்கு, குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம் வேறு. பிலோமினம்மாளிடம் அந்தத் தொல்லை இல்லை. சொல்வதைக் கேட்டுக்கொள்வாள், கையைப் பிடித்துக்கொள்வாள், தேவைப்பட்டால் கூட உட்கார்ந்து அழவும் செய்வாள். அடுத்த வியாழக்கிழமை பார்த்தால், சொன்னதன் சுவடே அவள் முகத்தில் இருக்காது. மருமகள் விவகாரத்தை விலாவாரியாகச் சொன்னவளிடமே போய், "மருமக நல்லா இருக்காளா?" என்று வெள்ளந்தியாகக் கேட்பாள்.

"என்ன பக்குவம் பாத்தியா! ஒண்ணுமே கேள்விப்படாத மாதிரி கேக்குது!" என்று உருகிப்போவார்கள்.

பக்குவமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளுக்கு நினைவே இல்லை. இந்தச் சின்ன உண்மையைக் கண்டுபிடிக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று. அதற்கும் ஓர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளச் சுவரை இடித்து உள்ளே இறக்கிய ஒரு பெரிய காந்த இயந்திரம் தேவைப்பட்டது.

பிலோமினம்மாள் பிறந்தது 1941-இல். ஜப்பான்காரன் காலத்தில், இரண்டு வயதில், காய்ச்சல் கண்டு முக்கால் மணி நேரம் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. பிழைத்ததே மாதாவின் புண்ணியம் என்று பெற்றவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அந்த விஷயத்தை மறந்துவிட்டார்கள். மறதி அந்தக் குடும்பத்தில் அப்போதே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். 1964-இல் துறைமுகக் கிடங்கில் கிளார்க்காக இருந்த லாசரஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வருஷம் பிரிஜட் பிறந்தாள். ஒரே பெண்.

எழுபத்துநாலில் ரேடியோ தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். பூதக்கண்ணாடியின் கீழே பலகையை வைத்து ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டும் வேலை. எந்தக் கம்பி எந்தப் புள்ளிக்கு என்று ஒருமுறை படத்தைக் காட்டினால் போதும், அவளுக்கு ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் காலையில் சூப்பர்வைசர் வாயால் சொன்னது மத்தியானத்துக்குள் காற்றோடு போய்விடும். அது போதாதென்று, வாரத்துக்கு ஒருநாள், இரண்டு நாள், வயிற்றுக்குள்ளிருந்து என்னவோ கிளம்பி நெஞ்சுக்கு ஏறும். இதெல்லாம் முன்பே ஒருமுறை நடந்ததுபோல் இருக்கும். அப்புறம் ஒன்றும் இருக்காது. கண் விழித்தபடியே இருக்கும். உள்ளே ஆள் இருக்கமாட்டாள். இரண்டு நிமிஷம் கழித்துத் திரும்பி வருவாள். சூப்பர்வைசர் இதற்குப் பகல்கனவு என்று பெயர் வைத்து, அவளை அட்டைப்பெட்டி மடிக்கும் பகுதிக்கு மாற்றினான். தொழிற்சாலைகளுக்கு விசுவாசம் கம்மி.

செபக்கூட்டத்துக்கு விசுவாசம் ஜாஸ்தி. எழுபத்தெட்டில் ஒரு வியாழக்கிழமை, எல்லோரும் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தபோது, பிலோமினம்மாள் பாட்டை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்த்தாள். அவளுடைய வலது கை மெல்ல உயர்ந்து, விரல்கள் விறைத்து, அப்படியே நின்றது. இடது கை மடியிலிருந்த செபமாலையை உருட்டு உருட்டென்று உருட்டியது. உதடுகள் மென்றுகொண்டே இருந்தன. அப்புறம் வாயைத் திறந்து பேசினாள். தமிழும் இல்லை, மலாயும் இல்லை. துண்டு துண்டாக ஏதோ.

பிலோமினம்மாளைப் பொறுத்தவரை நடந்தது இவ்வளவுதான்: பாடிக்கொண்டிருந்தாள், அடுத்த நொடி பார்த்தால், தன்னைச் சுற்றி எல்லோரும் முழங்காலில் நிற்கிறார்கள். எதற்கென்று கேட்பது மரியாதையாக இருக்காது என்று அவளும் முழங்காலிட்டாள்.

"வலது கையால ஆசீர்வதிக்கிறா, இடது கையால செபமாலை சொல்றா. அந்நிய பாஷை பேசுறா!" என்று அறிவித்தாள் அல்போன்சம்மாள். கூட்டத்தை நடத்தியவள் அவள்தான்; பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்; எதையும் அறிவிப்பாகத்தான் சொல்வாள். அந்நிய பாஷைக்கு அர்த்தம் சொல்லும் வரமும் அன்றே அவளுக்கு வந்து சேர்ந்தது. அந்த வரம் ஒரு வசதியான வரம். பரிசுத்த ஆவி பிலோமினம்மாள் வாய் வழியாகப் பேசிப் பேசி, கடைசியில் கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்களைக் கண்டிப்பார், அல்லது மாடி அறையில் காற்றாடி மாற்றவேண்டும் என்பார். கீழே கடை வைத்திருந்த ஜார்ஜ்தான் அறைக்குச் சொந்தக்காரர். பத்து வருஷத்தில் ஆவியானவர் கேட்டபடி மூன்று காற்றாடி மாற்றினார்.

பிலோமினம்மாளுக்கு இந்தப் பெருமை பிடிக்காமல் இல்லை. அட்டைப்பெட்டி மடிக்கிறவளுக்கு வேறெங்கே யார் முழங்காலிடப்போகிறார்கள்? ஆனால் ஒரு பயமும் உள்ளே இருந்தது. பிரிஜட் சிறுமியாகக் கோயிலில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கியது அவளுக்குப் படமாக ஞாபகம் இருந்தது: வெள்ளை கவுன், மெழுகுவர்த்தி, ஒரு பக்கம் அவிழ்ந்த ஷூ கயிறு. அன்றைக்குப் பிள்ளை தன்னிடம் என்ன பேசியது? ஒரு சொல்கூட இல்லை. ஊமைப் படம். சில நாள்கள் படமும் இல்லை. பிரிஜட் பரீட்சையில் ஜெயித்து வந்த நாளைப் புகைப்படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். தான் சிரித்துக்கொண்டு நிற்பதால், சந்தோஷப்பட்டிருக்கவேண்டும் என்று ஊகித்துக்கொண்டாள்.

எண்பத்தொன்பது மார்ச்சில் காரியம் கெட்டது. பிரிஜட்டுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நவம்பர் இருபத்தைந்து, சனிக்கிழமை, கல்யாணம் வைக்காத திருவருகைக் காலம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால். அந்த வியாழக்கிழமை செபக்கூட்டத்துக்குக் கிளம்பிய பிலோமினம்மாள், யீஷூன் ரயில் நிலைய மேடையிலேயே கையைத் தூக்கிவிட்டாள். அங்கே யாரும் முழங்காலிடவில்லை. நிலைய அதிகாரியாக இருந்த சீன இளைஞனுக்குச் செபமாலை தெரியாது. வலிப்பு தெரியும், அவன் அண்ணனுக்கு இருந்ததாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டான். ஒரு பரவசத்தை இவ்வளவு கேவலமாக யாரும் நடத்தியதில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவர் டாக்டர் பரமசிவம். லண்டனில் படித்துவிட்டு வந்தவர். தமிழை எப்போதாவது எடுத்துப் போடும் கோட்டு மாதிரி கவனமாகப் பேசுவார்.

"இது வரும்போது கூட இருந்து பார்த்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

லாசரஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அல்போன்சம்மாள் இருந்தாள், சாட்சி சொல்லவென்றே டாக்சி பிடித்து வந்திருந்தாள். "பாத்தவங்களா? பதினோரு வருஷமா பாக்கிறோம் டாக்டர். இந்தாங்க, இப்படி!" என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை நிலைகுத்த வைத்து, வலது கையை விறைப்பாக உயர்த்தி, இடது கையால் கைப்பையின் வாரை உருட்டிக் காட்டினாள். அவ்வளவு தத்ரூபம். நர்சு ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

"எப்பவும் வலது கைதான் விறைக்குமா?"

"விறைக்கிறதா? ஆசீர்வாதம், டாக்டர். எப்பவும் வலதுதான். இடது கையால யாராச்சும் ஆசீர்வதிப்பாங்களா?"

"உருட்டுறது இடது கை?"

"ஆமா."

"முடிஞ்சதும் பேச்சு குழறுமா?"

"அந்நிய பாஷை."

டாக்டர் பரமசிவம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, "ரொம்ப தேங்க்ஸ் அம்மா. இது மூளையோட இடது பக்கத்திலேருந்து வர்ற வலிப்பு மாதிரி தெரியுது," என்றார். பதினோரு வருஷம் ஓர் ஆவியின் அடையாளங்களைச் சேகரித்து வைத்திருந்த அல்போன்சம்மாள், அத்தனையையும் தன் கையாலேயே நோய்க்குறிப்பாக ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பிலோமினம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "டாக்டர், நவம்பர்ல என் பிள்ளைக்குக் கல்யாணம். அன்னைக்கு நடக்கிறது மறுநாள் எனக்கு ஞாபகம் இருக்குமா?"

டாக்டர் பேனாவை எடுத்தார். தாளில் ஒரு தலை வரைந்து, காதுக்கு உள்பக்கமாக இரண்டு பக்கமும் வளைந்த கோடு போட்டார். "இதுக்குப் பேரு ஹிப்போகேம்பஸ். சுண்டுவிரல் தடிதான். கடல்குதிரை மாதிரி வளைஞ்சிருக்குன்னு இந்தப் பேர் வெச்சாங்க. சைனாடவுன் மருந்துக்கடையில காயவெச்சு ஜாடியில போட்டிருப்பாங்களே, அதுதான். நாம கேக்கிறது, பாக்கிறது எல்லாம் முதல்ல இங்கதான் பதியணும். சின்ன வயசில நீண்ட நேரம் இழுத்தா, இது அடிபட்டுச் சுருங்கிடும். சுருங்கின இடத்திலேருந்து வலிப்பு கிளம்பும். ஒவ்வொரு வலிப்பும் அன்னைய நாளைத் துடைச்சிட்டுப் போகும். கல்யாண நாள்னா தூக்கம் இருக்காது, அலைச்சல். அன்னைக்கு வலிப்பு வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்."

"அப்ப?"

"படம் எடுத்துப் பாப்போம். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தா, அதை ஆபரேஷன் செஞ்சு எடுக்கலாம். வலிப்பு நிக்கிறதுக்குப் பத்துக்கு ஆறு, ஏழு வாய்ப்பு. ரெண்டு பக்கமும் கெட்டிருந்தா கையே வைக்கமுடியாது."

ஒரு பக்கமா, இரண்டு பக்கமா. அன்றிலிருந்து பிலோமினம்மாளுக்கு வேறு செபம் கிடையாது. வலது பக்கத்தைக் காப்பாற்றும் புனிதர் யாரென்று தெரியாததால், பொதுவாக எல்லாரிடமும் சொல்லிவைத்தாள்.

முதலில் எல்லோருக்கும் எடுக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. "பாத்தியா, ஒண்ணும் இல்லையாம்," என்று லாசரஸ் முகமெல்லாம் மலர்ந்து சொன்னார். மனைவியின் மூளையில் ஒன்றும் இல்லை என்று அவ்வளவு சந்தோஷப்பட்ட புருஷனை அந்த வார்டில் யாரும் பார்த்ததில்லை.

"இந்த மெஷினுக்குத் தெரியலன்னு அர்த்தம்," என்றார் டாக்டர். "புதுசா காந்த மெஷின் ஒண்ணு வந்திருக்கு. அதில எடுப்போம்."

அதற்கு முன்னால் ஞாபகசக்திப் பரீட்சை. ஒரு சின்னப் பெண், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, குடை, ஆறு, மணி, வாத்து என்று பதினைந்து சொற்களைப் படித்தாள். ஐந்து முறை படித்தாள். அரை மணி கழித்து ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொன்னாள். பிலோமினம்மாள் யோசித்து, "என்கிட்ட ஏதாச்சும் படிச்சீங்களா?" என்றாள். அடுத்து, கோடும் கட்டமும் வட்டமுமாகப் பின்னிக்கிடந்த ஒரு படத்தைக் காட்டி, அதையும் மறைத்துவிட்டு, அரை மணி கழித்து வரையச் சொன்னார்கள். ரேடியோ தொழிற்சாலைக்காரி ஒரு கோடு பிசகாமல் வரைந்து கொடுத்தாள். ஓரத்தில் இருந்த சின்ன மூன்று புள்ளியைக்கூட விடவில்லை.

அந்தப் பெண் அசந்துபோனாள். அவள் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஊர் வழக்கமான 'லா'வும் சேர்த்துச் சொன்னார்: "ஆன்ட்டி, உங்களுக்குச் சொல்தான் தங்கல. படம் அப்படியே நிக்குது லா. இனிமே யார் என்ன சொன்னாலும் ஒரு நோட்டில எழுதிக்குங்க. தேதி போட்டு. யார் சொன்னாங்கன்னும் எழுதணும்."

பிரிஜட் தன் ஆபீஸிலிருந்து நீல அட்டை போட்ட, கோடு இழுத்த ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தாள். பின்னால் வரப்போகும் கலவரத்துக்கெல்லாம் இதுதான் காரணம்.

ஏப்ரலில் காந்த இயந்திரம். உடம்பில் ஒரு பொட்டு உலோகம் இருக்கக்கூடாது என்றாள் அங்கிருந்த பெண். கம்மல் கழற்றியாயிற்று. ஊசி கழற்றியாயிற்று. அந்தப் பெண் தாலியையும் சுட்டிக்காட்டினாள். லாசரஸ் பதறினார்: "அது கோயில்ல பூசை வெச்சுக் கட்டினது மிஸ், சிலுவை போட்ட தாலி. இருபத்தஞ்சு வருஷமா கழட்டினதே இல்ல."

"ஒன் அவர்தான் அங்கிள். பத்திரமா வெச்சிருங்க."

பிலோமினம்மாள் தானே கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். லாசரஸ் அதைச் சட்டைப்பையில் போட்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் காட்சியைப் பார்த்ததும் பிலோமினம்மாளுக்கு வேறொரு படம் வந்தது: பச்சைச் சுவர் அறை, மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோட்டு, இதே லாசரஸ் ஒரு பழுப்பு உறையை மடித்து இதேபோல் சட்டைப்பையில் வைத்துப் பொத்திக்கொள்கிறார். என்ன உறை, எப்போது? சத்தம் இல்லாத படம். வழக்கம்போல.

குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். உள்ளே போனதும் இடி இடியென்று இடித்தது. மற்றவர்கள் பயந்து கத்துவார்களாம். பதினோரு வருஷம் ஜாலான் புசாரில் இரும்புக்கடைக்கு மேலே செபம் சொன்னவளுக்கு அது பழகிய சங்கீதம். பாதியில் தூங்கியே போனாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் பரமசிவம் வெளிச்சப் பலகையில் படத்தை மாட்டினார். பென்சிலால் காட்டினார். "இது வலது பக்கம். நல்லா கொழுகொழுன்னு இருக்கு பாருங்க."

பிலோமினம்மாள் தெரிந்த புனிதர்கள் எல்லாருக்கும் மொத்தமாக நன்றி சொன்னாள்.

"இது இடது பக்கம்."

"ஜாடியில போட்டதா?" என்றாள் அவளே.

"ஜாடியில போட்டதுதான். பாதியாச் சுருங்கிடுச்சு. பரீட்சையும் இதையேதான் சொல்லுது. சொல் பதியிற பக்கம் போயிடுச்சு, படம் பதியிற பக்கம் நல்லா இருக்கு. ஒரு பக்கம்தான். ஆகஸ்டில ஆபரேஷன் வைக்கலாம்."

"ஞாபகம் திரும்பி வருமா டாக்டர்?"

"போனது வராது. எழுதாத நோட்டில எதைத் தேடுறது? சொல் இன்னும் கொஞ்சம் தடுமாறவும் செய்யலாம், அதையும் இப்பவே சொல்லிடறேன். ஆனா வலிப்பு நின்னா, நாளைத் துடைக்கிற துணி நின்னுடும். நவம்பர் இருபத்தஞ்சு உங்களுக்கு மிஞ்சும்."

சம்மதப் படிவம் ஒன்றை வெள்ளை உறையில் போட்டு, வீட்டில் பேசிக் கையெழுத்துப் போட்டு வரச் சொல்லி, குடும்பத் தலைவர் என்ற முறையில் லாசரஸ் கையில் கொடுத்தார். தவறான கை.

"கல்யாணம் முடியட்டும் பிலோமி," என்றார் லாசரஸ் வீட்டுக்கு வந்ததும். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு இது தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? வலிப்புக் குடும்பம்னு பேராயிடும். டிசம்பர்ல செஞ்சுக்கலாம்."

"டிசம்பர்ல செஞ்சுக்கிட்டா நவம்பர் எங்கங்க போகும்?"

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். படிவம் எங்கேயோ பத்திரமாக இருந்தது.

இதற்குள் அல்போன்சம்மாள் தன் வேலையைச் செய்துவிட்டாள். படம் பார்த்து டாக்டர் சொன்னதை அவள் நேரில் கேட்கவில்லை, காதோடு காதாக வந்ததுதான். ஆகவே முழு நம்பிக்கையோடு சொன்னாள். அடுத்த வியாழக்கிழமை செபக்கூட்டத்தில் அறிவிப்பு: "நம்ம பிலோமிக்கு ஆபரேஷன். மூளைக்குள்ள அடைப்பு இருந்துச்சாம். எடுத்துட்டா பழைய ஞாபகம் எல்லாம் திரும்பி வந்துடுமாம். எல்லாம்!"

கைதட்டல் எழவில்லை. முப்பத்தாறு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். பதினோரு வருஷம்! ஒவ்வொருவரும் தாம் போட்டுவைத்ததை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார்கள். அந்த வாரம் பிலோமினம்மாளின் ஆபரேஷன் நடக்கவேண்டும் என்று செபித்தவர்கள் குறைவு.

மறுநாளிலிருந்து மார்சிலிங் வீட்டுக்குக் கூட்டம். பத்து வருஷத்தில் ஒருவர்கூட அவ்வளவு தூரம் வந்ததில்லை. இப்போது லிஃப்ட்டுக்கு வரிசை. முதலில் வந்தவர் ஜார்ஜ், ஒரு டின் பிஸ்கட்டோடு.

"அக்கா, எண்பத்துமூணுல நான் உங்ககிட்ட ஒரு விஷயம் சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"இல்லையே தம்பி. என்ன சொன்னே?"

"அதான்க்கா, நம்ம மாடியில இருக்கிற மாதா சொரூபம். வேளாங்கண்ணியிலேருந்து கப்பல்ல வந்ததுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்ல. அது பக்கத்து ஜொகூர்ல வாங்கினது. அதைத்தான் சொன்னேன். ஞாபகம் இல்லல்ல?"

"இல்ல."

"நல்லதுக்கா. அப்படியே இருக்கட்டும்." நிம்மதியாக எழுந்தவர், அவள் நீல நோட்டை எடுத்து நிதானமாக எழுதுவதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். "என்னக்கா எழுதுறீங்க?"

"யார் என்ன சொன்னாலும் எழுதணும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க தம்பி. தேதி என்ன இன்னைக்கு?"

தாங்கள் சொன்னவற்றை மறந்துவிட்டாளா என்று சரிபார்க்க வந்தவர்கள், ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிச் சரிபார்த்தார்கள். மே மாதக் கடைசிக்குள் பதினோரு வருஷத்து ரகசியங்கள், முதல்முறையாக, தேதிவாரியாக, நல்ல கையெழுத்தில் ஒரே இடத்தில் சேர்ந்தன.

அல்போன்சம்மாள் கடைசியில் வந்தாள், ஒரு தூக்குச் சட்டியோடு. சைனாடவுனில் காய்ந்த கடல்குதிரை வாங்கி, இஞ்சி தட்டிப்போட்டு சூப் வைத்திருந்தாள். "போனதுக்குப் பதிலா இது உள்ள போனா, ஆபரேஷனே வேணாம்னு தோணுச்சு. குடி."

பிலோமினம்மாள் குடித்தாள். மூளைக்குப் போனதோ இல்லையோ, வயிற்றிலிருந்து உடனே திரும்பி வந்துவிட்டது.

"பிலோமி," என்றாள் அல்போன்சம்மாள், முதுகைத் தடவிக்கொடுத்தபடி, குரலைத் தாழ்த்தி. அவள் குரலைத் தாழ்த்தியதே அது முதல் தடவை. "நீ அந்நிய பாஷையில பேசினது எனக்கு ஒரு தடவைகூடப் புரிஞ்சதில்ல."

"எனக்கும்தான் அக்கா," என்றாள் பிலோமினம்மாள். அதையும் எழுதிக்கொண்டாள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாடு ஆனதும், பிலோமினம்மாள் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் புதுக்கதை, சுவாரசியமாக இருந்தது. லாசரஸ் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். வந்துபோன முப்பத்துச் சொச்சம் பேரையும் அவர் பார்த்திருந்தார். எல்லோரும் வந்தாயிற்று, அவர் ஒருவர்தான் பாக்கி.

"பிலோமி, ஒருவேளை ஆபரேஷனுக்கு அப்புறம் உனக்கு எல்லாம் ஞாபகம் வந்துச்சுன்னா..."

"வராதுன்னு டாக்டர் சொன்னாருங்க."

"வந்துச்சுன்னா. நான் ஏற்கெனவே உன்கிட்ட சொல்லிட்டேன்ங்கிறதும் உனக்கு ஞாபகம் வரணும்."

"என்னத்த சொன்னீங்க?"

அவர் உட்கார்ந்தார். எழுந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கை தானாகவே சட்டைப்பைக்குப் போய்ப் பொத்திக்கொண்டதைப் பார்த்தாள்.

"பச்சைச் சுவர்," என்றாள். "ஒரு பழுப்பு உறை. மடிச்சு அந்தப் பையில வெச்சீங்க."

லாசரஸ் கையை இறக்கினார். உள்ளே போனார். அலமாரியின் மேல்தட்டில், பைபிளுக்கு அடியிலிருந்து இரண்டு உறைகளை எடுத்துவந்தார். ஒன்று வெள்ளை. ஒன்று பழுப்பு, ஓரம் நைந்தது. கடிதம் ஆங்கிலத்தில், 1981 ஆகஸ்ட் தேதியில். மருந்தகத்தில் ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது அங்கேயே அவளுக்கு வந்ததைப் பார்த்த டாக்டர், இது வலிப்பு, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும் என்று எழுதிக் கொடுத்தது.

"பிள்ளைக்காகத்தான் பிலோமி. நாளைக்கு அதுக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது... அப்புறம் செபக்கூட்டத்தில உனக்கு அவ்வளவு மரியாதை. அதைக் கெடுப்பானேன்னு. மனசு கேக்கல. அன்னைக்கே சாயங்காலம் உன்கிட்ட சொல்லிட்டேன். நீ மன்னிச்சிட்டே."

"நான் மன்னிச்சேனா?"

"ஆமா. 'பரவாயில்லங்க, பிள்ளைக்காகத்தானே'ன்னு சொன்னே. மறுநாள் பாத்தா உனக்கு ஞாபகம் இல்ல. எனக்குத்தான் உறுத்துச்சு. அடுத்த பெரிய வெள்ளிக்கு மறுபடி சொன்னேன். அப்பவும் மன்னிச்சே. அப்புறம் வருஷா வருஷம்..."

"மொத்தம் எத்தனை தடவை?"

"எட்டு, ஒன்பது இருக்கும்."

"ஒரு தடவைகூட நான் கோவப்படலையா?"

"இல்ல. எண்பத்தஞ்சுல மட்டும் கொஞ்சம் அழுதே."

பிலோமினம்மாள் யோசித்தாள். எட்டு வருஷம், வாரத்துக்கு ஒன்று, இரண்டு வலிப்பு. ஒவ்வொன்றும் ஒரு நாளைத் துடைத்துப்போட்டிருக்கிறது. பிரிஜட் பரீட்சையில் ஜெயித்த நாளும் அதில் ஒன்று. அத்தனைக்கும் நடுவில் இந்த மனிதர் வருஷம் ஒருமுறை வந்து, மன்னிப்பு வாங்கிக்கொண்டு, குளித்துவிட்டு வந்ததுபோல் சுத்தமாகப் போயிருக்கிறார். சாமியார்கூட இவ்வளவு மலிவாகக் கொடுக்கமாட்டார்.

அவள் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றினாள்.

"பிலோமி!"

"ஆபரேஷனுக்கு எப்படியும் கழட்டணும். இப்பவே வெச்சுக்குங்க. பத்திரமா வெக்கிறதுல உங்களை மிஞ்ச ஆள் இல்ல. கல்யாணத்தன்னைக்குக் காலையில குடுங்க." வெள்ளை உறையைப் பிரித்து, படிவத்தையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். "கையெழுத்துப் போடுங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு நானும் பிரிஜட்டும் போய்ச் சொல்லிக்கிறோம். வேணாம்னா வேணாங்கட்டும்."

அவர் கையெழுத்துப் போட்டார். அவள் நோட்டைப் பிரித்துத் தேதி போட்டு, பெயர் போட்டு, சொன்னதை எழுதினாள். அதற்குக் கீழே ஒரு வரி: 'மன்னிப்பு கேட்டார். நவம்பர் 26 அன்று வரச் சொல்லியிருக்கிறேன்.'

மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு இருபது வருஷமாக இதே நோயாம். அவர்களும் இதை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தார்களாம். இரண்டு குடும்பமும் இவ்வளவு கச்சிதமாக ஒன்றையொன்று ஏமாற்றிக்கொண்டிருந்ததில் பிரிஜட்டுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஆகஸ்டில் ஆபரேஷன் நடந்தது. பழையது எதுவும் திரும்பி வரவில்லை. சீப்பு, கரண்டி என்று சின்னச் சின்னச் சொற்கள் சில வாரம் நாக்கில் நின்று அடம் பிடித்தன. மாடி அறையில் கை உயர்வது நின்றது. அந்நிய பாஷை நின்றது. அதற்குப் பிறகு ஆவியானவருக்குக் காற்றாடியே தேவைப்படவில்லை. ரகசியம் சொல்லவும் யாரும் வரவில்லை. ஞாபகம் இருக்கிறவளிடம் யார் போய்ச் சொல்வார்கள்?

நவம்பர் இருபத்தைந்து, காலை. லாசரஸ் தாலியைக் கொடுத்தார். அவளே போட்டுக்கொண்டாள். அன்று வலிப்பு வரவில்லை.

மறுநாள் காலை படுக்கையில் கண் விழித்ததும், எழாமல், மெதுவாக உள்ளே தேடிப்பார்த்தாள். படம் எல்லாம் இருந்தது. அதற்கும் அடியில், கொஞ்சம் கரகரப்பாக, சத்தமும் இருந்தது. சாமியார் கேட்ட கேள்வி பாதிதான் இருந்தது. பிரிஜட் சொன்ன பதில் முழுசாக இருந்தது. அப்புறம் கோயில் வாசலில், கார் ஏறுமுன், காதோடு வந்து, "ம்மா, அழாத லா, மேக்கப் கலையுது," என்றதும் இருந்தது. பிலோமினம்மாள் அதை நோட்டில் எழுதவில்லை. எழுதாமல் வைத்திருந்து பார்க்கவேண்டும் போல் இருந்தது.

லாசரஸ் காப்பியோடு வந்தார். கட்டிலோரம் வைத்தார். போகவில்லை.

"இன்னைக்குத் தேதி இருபத்தாறு," என்றார்.

"தெரியும். உட்காருங்க," என்றாள் பிலோமினம்மாள். "முதல்லேருந்து சொல்லுங்க. இந்தத் தடவை மறக்காம கேக்கிறேன்."